எக்செல் பட்டியலிலிருந்து முகவரி லேபிள்: வேர்டில் அச்சிடும் முறை

கோயில் திருவிழா, பழைய மாணவர் கூடுகை, வணிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் என எதுவாக இருந்தாலும், அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் எழும் கேள்வி, உறைகளின் மேல் முகவரியை யார் எழுதுவது என்பதுதான். குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் வைகாசியில் கெங்கையம்மன் திருவிழா நடத்தும் குழுக்களிடம் பெரும்பாலும் ஓர் எக்செல் பட்டியல் இருக்கும். ஊரைவிட்டு ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்களின் முகவரிகள் அதில் முந்நூறு நானூறு என்று சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதுவதும், ஒவ்வொரு முகவரியாக நகலெடுத்து வேர்டில் ஒட்டுவதும் ஏறக்குறைய ஒரே உழைப்புதான். பட்டியலில் உள்ள விவரத்தை வேர்ட் தானாகவே எடுத்து, ஸ்டிக்கர் தாளின் கட்டங்களில் நிரப்பிக் கொடுக்கும் ‘மெயில் மெர்ஜ்’ வசதியை முதன்முறையாகக் கையாளுவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இங்கே சொல்லப்படும் படிகள் வேர்ட் 2007-க்குப் பின் வந்த எல்லாப் பதிப்புகளுக்கும் சிறு மாறுதல்களோடு பொருந்தும். கட்டணமில்லாத லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு பின்னால் தனியாக உள்ளது. வேர்டில் செய்ய வேண்டிய வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பட்டியலைத் திருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகலாம். லேபிளில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை பட்டியலிலிருந்தே வருகின்றன என்பதால் அந்த நேரத்தைக் கஞ்சத்தனம் பாராமல் செலவிட வேண்டும்.

பட்டியலை ஒழுங்குபடுத்துதல்

முதலில் மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, அதன் நகல் ஒன்றை வேறு பெயரில் சேமித்துக்கொண்டு அதில் மட்டும் வேலை செய்யுங்கள். பட்டியலின் மேலே ‘திருவிழா அழைப்பாளர் பட்டியல்’ என்று பல கட்டங்களை ஒன்றாக இணைத்துப் பெரிய எழுத்தில் தலைப்புப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதற்கு அது அழகுதான். ஆனால் வேர்ட் முதல் வரிசையையே நெடுவரிசைகளின் பெயராக எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த அலங்காரத் தலைப்பை நீக்கி, நெடுவரிசைப் பெயர்கள் முதல் வரிசையில் வரும்படி செய்ய வேண்டும். இடையிடையே ஊர்வாரியாகப் பிரிப்பதற்காக விடப்பட்ட வெற்று வரிசைகளையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்று ஸ்டிக்கர் வீணாகும்.

நெடுவரிசைப் பெயர்கள் சுருக்கமாக, இடைவெளியோ புள்ளியோ சாய்கோடோ இல்லாமல் இருப்பது நல்லது. ‘வ.எண்’, ‘த/பெ’ போன்ற தலைப்புகள் வேர்டுக்குப் போகும்போது உருமாறக்கூடும் என்பதால் ‘எண்’, ‘தந்தை’ என்று எளிமையாக இட்டுக்கொள்ளலாம். நம் பகுதி முகவரிகளுக்குப் பின்வரும் நெடுவரிசைகள் போதும்: அடைமொழி, பெயர், தந்தை, தெரு, ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு, கைபேசி. இவற்றுள் கைபேசி எண் லேபிளில் அச்சாக வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்பதற்காக மட்டும் பட்டியலில் இருக்கட்டும்.

அடைமொழிக்குத் தனி நெடுவரிசை வைப்பதற்குக் காரணம் உண்டு. திரு, திருமதி, செல்வி, ஜனாப், டாக்டர், புலவர் என்று அழைக்கப்படுபவரின் தகுதிக்கேற்ப இவை மாறும். ஆம்பூர், வாணியம்பாடி முகவரிகள் நிறைய உள்ள ஒரு பட்டியலில் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘திரு’ என்று போடுவது முறையாகாது. பெயரையும் தலைப்பெழுத்தையும் ஒரே கட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயரின் அகரவரிசையில் அடுக்க விரும்புவோர் தலைப்பெழுத்தையும் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முனுசாமிகள் எல்லாம் தங்கள் தந்தையர் பெயரின் முதலெழுத்தைப் பின்தொடர்ந்து பட்டியல் முழுவதும் சிதறிக் கிடப்பார்கள்.

தெருவும் கதவு எண்ணும் ஒரே கட்டத்தில் இருப்பதே பாதுகாப்பு. கதவு எண்ணுக்குத் தனி நெடுவரிசை வைத்து அதில் 4/12 என்று தட்டினால், எக்செல் அதை ஒரு தேதி என்று எண்ணி டிசம்பர் 4 என்றோ ஏப்ரல் 12 என்றோ மாற்றிவிடும். பிறகு லேபிளில் கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஆண்டோடு சேர்த்து ஒரு தேதி நிற்கும். ஒருமுறை அப்படி மாறிய கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றினாலும் பழைய எண் திரும்பாது. கையால்தான் மறுபடி தட்ட வேண்டும். ‘4/12, பஜார் தெரு’ என்று சேர்த்து எழுதினால் இந்தச் சிக்கலே வராது. தனி நெடுவரிசைதான் வேண்டும் என்றால், எதையும் தட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுத் தொடங்க வேண்டும்.

பின்கோட்டில் வருவது வேறு வகைச் சிக்கல். சிலர் 632602 என்று சேர்த்தும், சிலர் 632 602 என்று இடைவெளி விட்டும் தட்டியிருப்பார்கள். முதலாவது எக்செல்லுக்கு எண், இரண்டாவது எழுத்து. வேர்ட் இந்தக் கோப்பைப் படிக்கும்போது நெடுவரிசையின் தொடக்கத்தில் உள்ள சில வரிசைகளைப் பார்த்து, அது எண்களுக்கான நெடுவரிசையா எழுத்துகளுக்கான நெடுவரிசையா என்று முடிவுகட்டிக்கொள்கிறது. பெரும்பாலானவை எண்களாக இருந்தால், இடைவெளி விட்டு எழுதிய பின்கோடுகள் லேபிளில் வெற்றிடமாகவோ சுழியமாகவோ வந்து நிற்கும். இதைத் தவிர்க்க, பின்கோடு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு எச் எழுத்தைத் தட்டி, தேட வேண்டிய பெட்டியில் ஓர் இடைவெளி மட்டும் இட்டு, மாற்ற வேண்டிய பெட்டியை வெறுமையாக விட்டு, ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுங்கள். எல்லாம் ஒரே வகைக்கு வந்துவிடும்.

அடுத்து, பின்கோடு எல்லாமே 6 இலக்கம்தானா என்று பார்க்க வேண்டும். ‘டேட்டா’ பட்டையில் உள்ள ‘டேட்டா வேலிடேஷன்’ பெட்டியில் ‘டெக்ஸ்ட் லெங்த்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அது 6-க்குச் சமமாக இருக்க வேண்டும் என்று விதியிட்டு, பின்னர் அதே ‘டேட்டா வேலிடேஷன்’ பொத்தானின்கீழ் உள்ள ‘சர்க்கிள் இன்வேலிட் டேட்டா’ என்பதை அழுத்தினால், விதிக்குப் பொருந்தாத கட்டங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழும். ஐந்து இலக்கத்தோடு நின்றுபோனவை உடனே கண்ணில் படும். இலக்கம் சரியாக இருந்தும் ஊர் தவறாக இருப்பதை எந்திரம் கண்டுபிடிக்காது. அதற்கு ஊர்ப் பெயரால் அடுக்கிப் பார்ப்பதே வழி. குடியாத்தம் என்ற பெயருக்கு எதிரே 632602 வரிசையாக இறங்கி வரும்போது நடுவில் 632206 என்று ஒன்று நின்றால் அது தனியாகத் தெரியும்.

மாவட்டப் பெயர்

வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. பின்னர் வேலூர் மாவட்டம் என்ற பெயரில் இருந்த பகுதி, 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பழைய பட்டியல்களில் ‘வ.ஆ. மாவட்டம்’, ‘வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’, ‘வேலூர் மாவட்டம்’ எல்லாம் கலந்து கிடக்கும். பின்கோடு சரியாக இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும் என்றாலும், அழைப்பிதழில் ஒருவருடைய மாவட்டத்தைப் பழைய பெயரில் எழுதுவது அக்கறைக் குறைவாகத் தோன்றும்.

இதைப் பின்கோட்டைக் கொண்டு திருத்த முயல வேண்டாம். மாவட்டங்கள் பிரிந்தபோது பின்கோடுகள் அவற்றுக்கேற்ப மாற்றப்படவில்லை. ராணிப்பேட்டை 632401, அரக்கோணம் 631001. இரண்டும் இன்று ஒரே மாவட்டம். ஆரணியின் பின்கோடு 632301 என்று வேலூரைப் போலவே தொடங்கினாலும் அது திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. எனவே வட்டம் என்ற நெடுவரிசையில் ‘ஃபில்டர்’ வைத்துத் திருத்துவதே சரியான வழி. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், நெமிலி, சோளிங்கர், கலவை ஆகிய வட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் அவை ராணிப்பேட்டை மாவட்டம்; ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, திருப்பத்தூர் ஆகியவை திருப்பத்தூர் மாவட்டம்; வேலூர், அணைக்கட்டு, காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் ஆகியவை வேலூர் மாவட்டம். வடிகட்டியபின் முதல் கட்டத்தில் சரியான பெயரைத் தட்டிக் கீழே இழுத்துவிட்டால் போதும்.

ஒரே வீட்டுக்கு இரண்டு அழைப்பு போவதைத் தடுக்க ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ என்ற வசதியை நம்புவோர் உண்டு. அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பவற்றை மட்டுமே நீக்கும். சுப்பிரமணி, சுப்ரமணி, சுப்பிரமணியன் ஆகிய மூவரும் ஒருவரே என்பது அதற்குத் தெரியாது. கைபேசி எண்ணால் அடுக்கினால் அந்த மூவரும் அடுத்தடுத்து வந்து நிற்பார்கள்; பார்த்துப் பார்த்து நீக்கலாம்.

எழுத்துருச் சிக்கல்

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் டிடிபி கடைகளில் தட்டப்பட்ட பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே அவை ஆங்கில எழுத்துகளே. ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ‘நிர்மலா யூஐ’ அல்லது ‘லதா’ என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் அப்படியே நின்றால் அது ஒருங்குறி (யூனிகோடு). ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக மாறினால் அது பழைய குறியீடு. அப்படியானால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியைக் கொண்டு முழுப் பட்டியலையும் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்ட பிறகே மேலே செல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்ட பின்னும், சங்கங்களின் பழைய பட்டியல்கள் இன்னும் பாமினியிலேயே வாழ்கின்றன.

கூகுள் ஷீட்ஸில் சேகரித்த பட்டியலாக இருந்தால், அதை எக்செல் கோப்பாகவே இறக்குங்கள். காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வி வடிவில் இறக்கி, எக்செல்லில் திறந்து, மீண்டும் சேமிக்கும்போது தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிப்போக வாய்ப்பு உண்டு. அப்படி மாறியவற்றை மீட்க முடியாது.

எல்லாம் முடிந்ததும் பின்கோடு வரிசைப்படி அடுக்கிச் சேமித்து, எக்செல்லை மூடிவிடுங்கள். லேபிள்களும் அதே வரிசையில் அச்சாகும் என்பதால், உறைகளை ஒட்டிய கையோடு ஊர்வாரியாகக் கட்டுகட்டி அஞ்சலகத்தில் கொடுக்கலாம்.

ஸ்டிக்கர் தாளை அளத்தல்

கடைகளில் கிடைக்கும் ஏ4 ஸ்டிக்கர் தாள்களில் ஒரு தாளுக்கு 24, 21, 16, 14, 12 என்று பல வகை உண்டு. தமிழ் முகவரிக்கு 24 சற்று நெருக்கம். ஐந்து வரிகளுக்கு மேல் தாங்காது. கிராமம், அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று நீளும் நம் முகவரிகளுக்கு 21 அல்லது 14 உள்ள தாளையே நான் பரிந்துரைப்பேன். லேசர் பிரிண்டருக்கு உரியதா, இங்க்ஜெட்டுக்கு உரியதா என்று பெட்டியின் மேல் பார்த்து வாங்க வேண்டும். லேசர் பிரிண்டர் மைப்பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டுவதால், அந்தச் சூட்டைத் தாங்காத பசை உள்ளே இளகி உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

வேர்டில் ‘மெயிலிங்ஸ்’ பட்டையைத் திறந்து, ‘ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்’ என்பதன்கீழ் ‘லேபிள்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். வாங்கிய ஸ்டிக்கர் பெட்டியின் மேல் ஏவரி நிறுவனத்தின் எண் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்நிறுவனத்தின் ஏ4 தாள் பட்டியலில் அதே எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். எடுத்துக்காட்டாக, எல்7160 என்பது 63.5 × 38.1 மில்லிமீட்டர் அளவில் 21 லேபிள் கொண்டது. எல்7159 என்பது 63.5 × 33.9 அளவில் 24 கொண்டது. எண் எதுவும் இல்லாத தாளாக இருந்தால் ‘நியூ லேபிள்’ என்பதை அழுத்தி, அளவுகளை நாமே கொடுக்க வேண்டும்.

அங்கே கேட்கப்படும் அளவுகளில் புதியவர்களைக் குழப்புவது ‘பிட்ச்’ என்பது. அது லேபிளின் அகலமோ உயரமோ அன்று. ஒரு லேபிளின் இடது விளிம்பிலிருந்து அடுத்த லேபிளின் இடது விளிம்பு வரை உள்ள தூரம் ‘ஹாரிசான்டல் பிட்ச்’. மேல் விளிம்பிலிருந்து கீழே உள்ள லேபிளின் மேல் விளிம்பு வரை உள்ள தூரம் ‘வெர்டிகல் பிட்ச்’. இரண்டு லேபிள்களுக்கு நடுவில் சந்து இல்லாமல் ஒட்டியிருந்தால் பிட்சும் உயரமும் ஒன்றாகவே இருக்கும். மேலே சொன்ன 21 லேபிள் தாளில் குறுக்கே சந்து இருப்பதால் அகலம் 63.5, பிட்ச் 66. நெடுக்கில் சந்து இல்லாததால் உயரமும் பிட்சும் 38.1. மேல் ஓரம் ஏறத்தாழ 15.1, பக்க ஓரம் 7.2.

ஸ்கேலை வைத்து ஒரே ஒரு லேபிளை அளந்து எழுதிக்கொள்வது போதாது. அரை மில்லிமீட்டர் தவறு முதல் வரிசையில் கண்ணுக்குத் தெரியாது. எட்டாவது வரிசைக்கு வரும்போது ஏழு இடைவெளிகளின் தவறும் சேர்ந்து 3.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். முதல் வரிசையின் மேல் விளிம்பிலிருந்து கடைசி வரிசையின் மேல் விளிம்பு வரை முழுதாக அளந்து, வரிசைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து அதனால் வகுத்தால் பிட்ச் துல்லியமாகக் கிடைக்கும். இறுதியில் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: மேல் ஓரத்தின் இரு மடங்கையும் லேபிள்களின் மொத்த உயரத்தையும் கூட்டினால் 297-க்கு அருகில் வர வேண்டும்; குறுக்கில், இடையிலுள்ள சந்துகளையும் சேர்த்து, அதேபோல் 210. வேர்ட் அங்குலத்தில் அளவைக் காட்டினால் கவலை வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் மில்லிமீட்டரைக் குறிக்கும் எம்எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் தானே மாற்றிக்கொள்ளும்.

பட்டியலை இணைத்து லேபிளை வடிவமைத்தல்

சரி என்று கொடுத்தவுடன் பக்கம் முழுவதும் ஓர் அட்டவணை வந்திருக்கும். கோடுகள் தெரியாவிட்டால் அட்டவணைக்குரிய ‘லேஅவுட்’ பட்டையில் ‘வியூ கிரிட்லைன்ஸ்’ என்பதை அழுத்துங்கள். பின்னர் ‘செலக்ட் ரெசிபியன்ட்ஸ்’ என்பதன்கீழ் ‘யூஸ் அன் எக்ஸிஸ்டிங் லிஸ்ட்’ என்பதை அழுத்தி, சேமித்த எக்செல் கோப்பைக் காட்டி, அதில் உரிய தாளை (ஷீட்) தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பெட்டியின் கீழே, முதல் வரிசையில் நெடுவரிசைப் பெயர்கள் உள்ளன என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இணைந்ததும் முதல் கட்டத்தைத் தவிர மற்ற எல்லாக் கட்டங்களிலும் ‘நெக்ஸ்ட் ரெக்கார்ட்’ என்று இரட்டை அம்புக்குறிகளுக்குள் ஒரு குறிப்பு தோன்றும். அது அழுக்கன்று, அடுத்த ஆளுக்குப் போ என்று வேர்டுக்குத் தரும் கட்டளை. அதை அழித்தால் ஒரு தாள் முழுவதும் ஒரே ஆளின் பெயர் அச்சாகும்.

இனி முதல் கட்டத்தில் மட்டும் வேலை. ‘இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்டு’ என்பதன்கீழ் நம் நெடுவரிசைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். முதல் வரியில் அடைமொழி, ஓர் இடைவெளி, பெயர், அடுத்த வரியில் தந்தை, அதற்கடுத்து தெரு, பிறகு ஊர், பிறகு வட்டமும் மாவட்டமும், கடைசியாகப் பின்கோடு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் தட்டுங்கள். ஒரு வரியில் இப்படிச் சேர்த்த ஒரு நெடுவரிசைப் பெயர் (புலம்) மட்டுமே தனியாக இருந்து, அது ஒருவருக்கு வெறுமையாக இருந்தால், வேர்ட் பொதுவாக அந்த வரியையே எடுத்துவிடும். ஆனால் அதே வரியில் ‘த/பெ’ என்றோ காற்புள்ளி என்றோ நாமாக எதையாவது தட்டி வைத்திருந்தால் அந்த வரி நீங்காது. தந்தை பெயர் இல்லாத இடத்தில் ‘த/பெ’ மட்டும் அநாதையாக நிற்கும். ஆகவே ‘த/பெ’ என்ற எழுத்தையும் எக்செல்லின் கட்டத்துக்குள்ளேயே பெயரோடு சேர்த்து எழுதிவிடுவது எளிது. திருமணமான பெண்களுக்குக் ‘க/பெ’ என்று மாற்றி எழுதவும் இது உதவும்.

எழுத்தின் அளவு 10 புள்ளி போதும்; பின்கோட்டை மட்டும் 12 புள்ளியில் தடித்த எழுத்தாக வைக்கலாம். வேர்ட் பத்திகளுக்கிடையே தானாகச் சேர்க்கும் இடைவெளியைச் சுழியமாக்குவது கட்டாயம். இல்லாவிட்டால் மூன்று வரியிலேயே லேபிள் நிரம்பிவிடும். வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று தேர்ந்தெடுத்து 14 புள்ளி என்று கொடுத்தால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டருக்கு ஒரு வரி அமையும். அதைவிடக் குறைத்தால் ‘கீ’, ‘டீ’ போன்ற எழுத்துகளின் மேல் சுழியும் ‘மு’, ‘கூ’ போன்றவற்றின் அடிப்பகுதியும் வெட்டுப்படும். லேபிளின் விளிம்பை ஒட்டி எழுத்து வராதபடி இடப்பக்கம் 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள்.

முதல் கட்டம் மனத்துக்குப் பிடித்தபடி அமைந்த பிறகு ‘அப்டேட் லேபிள்ஸ்’ என்பதை அழுத்துங்கள். முதல் கட்டத்தில் உள்ள அமைப்பு மற்ற எல்லாக் கட்டங்களுக்கும் பரவும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஒரு பொத்தானைத்தான். முதல் கட்டத்தில் பின்னர் எந்த மாற்றம் செய்தாலும் மறுபடி இதை அழுத்த வேண்டும். ‘பிரிவியூ ரிசல்ட்ஸ்’ கொடுத்தால் உண்மையான பெயர்கள் தெரியும். மிக நீளமான முகவரியைத் தேடி எடுத்து, அது கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அது அடங்கினால் மற்றவை அடங்கும்.

சித்தூர், பலமனேர், குப்பம், பெங்களூர் முகவரிகளுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது. அங்கே கடிதத்தைப் பிரிப்பவருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அவற்றை எக்செல்லில் தனித் தாளில் பிரித்து வைத்து, அதே லேபிள் அமைப்பில் தனியாக ஓட்டிக்கொள்ளலாம். ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகப் பின்கோடுகள் 5-இல் தொடங்குவதால், பின்கோடுப்படி அடுக்கிய பட்டியலில் அவை 6-இல் தொடங்கும் தமிழ்நாட்டு முகவரிகளுக்கு முன்பாகவே சேர்ந்து நிற்கும், பிரிப்பது எளிது.

வெள்ளைத்தாளில் ஒத்திகை

ஸ்டிக்கர் தாளை இன்னும் தொட வேண்டாம். ‘ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்’ என்பதன்கீழ் ‘எடிட் இண்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, 1 முதல் 21 வரை என்று ஒரு தாளுக்கு உரியதை மட்டும் உருவாக்குங்கள். அதைச் சாதாரண வெள்ளைத்தாளில் அச்சிட்டு, ஸ்டிக்கர் தாளின் மேல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். எழுத்துகள் கட்டங்களுக்குள் நிற்கின்றனவா என்பது தெளிவாகத் தெரியும்.

நிற்கவில்லை என்றால், எப்படி விலகியிருக்கிறது என்பதைப் பொறுமையாகப் பாருங்கள். எல்லா வரிசைகளும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ தள்ளியிருந்தால் ஓர அளவில் தவறு. ‘டாப் மார்ஜின்’ எண்ணைத் திருத்தினால் சரியாகும். முதல் வரிசை சரியாக இருந்து, கீழே போகப்போக விலகல் கூடிக்கொண்டே போனால் அது ஓரத்தின் தவறன்று. பிட்ச் தவறாக இருக்க வேண்டும், அல்லது பிரிண்டர் பக்கத்தைச் சுருக்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். பிரிண்டர் அமைப்பில் ‘ஃபிட் டு பேஜ்’ என்பது இயங்கிக்கொண்டிருந்தால் பக்கம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். நூற்றுக்கு 3 பங்கு சுருங்கினாலே தாளின் அடியில் 7, 8 மில்லிமீட்டர் விலகிவிடும். அதை நிறுத்தி, அளவை ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 என்று வைத்து, தாளின் அளவு ‘லெட்டர்’ என்று இல்லாமல் ஏ4 என்று இருப்பதையும் உறுதிசெய்யுங்கள். லெட்டர் தாளின் உயரம் 279.4 மில்லிமீட்டர் மட்டுமே. அதை ஏ4 என்று எண்ணிக்கொண்டு எத்தனை முறை ஓரத்தைத் திருத்தினாலும் பயன் இருக்காது.

ஒவ்வொரு தாளிலும் முதல் லேபிள் மட்டும் அச்சாகி மற்றவை வெறுமையாக இருந்தால் ‘அப்டேட் லேபிள்ஸ்’ விட்டுப்போயிருக்கிறது. கோப்பைச் சேமித்து மறுநாள் திறக்கும்போது, எஸ்க்யூஎல் கட்டளை ஒன்று இயங்கப்போகிறது என்று ஓர் எச்சரிக்கை வந்து பயமுறுத்தும். அது நம் எக்செல் பட்டியலைத் திறக்க அனுமதி கேட்பதுதான், ‘யெஸ்’ கொடுக்கலாம். எக்செல் கோப்பை இடம் மாற்றியிருந்தால் மட்டும் இணைப்பை மறுபடி காட்ட வேண்டியிருக்கும்.

அச்சிடுதல்

ஒத்திகை சரியாக வந்தபின், எல்லா முகவரிகளையும் ஒன்றாக உருவாக்கி, ஒருமுறை மேலோட்டமாகப் படித்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் அம்புக்குறி போட்டு உள்ளே செலுத்தி, எந்தப் பக்கம் அச்சாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பிரிண்டரில் கையால் தாள் செலுத்தும் வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தாள் அதிகம் வளையாமல் போகும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர்களில் பசை எளிதில் இளகிவிடும் என்பதால், தாள்களை உறையிலிருந்து வேண்டியபோது மட்டும் எடுத்து, மிச்சத்தைத் தட்டையாக வைக்க வேண்டும். பாதி உரித்த தாளை லேசர் பிரிண்டரில் மறுபடி செலுத்தவே கூடாது. மிச்சமுள்ள ஸ்டிக்கர்களில் கையால் எழுதிக்கொள்ளலாம். பிரிண்டரைப் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பெட்டி ஸ்டிக்கர் புதிதாக வாங்கிவிடலாம்.

வீட்டில் பிரிண்டர் இல்லாமல் வேலூர் லாங் பஜார், ஆபீசர்ஸ் லைன் பக்கம் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் அச்சிடுவோர், வேர்ட் கோப்பை எடுத்துச் செல்லாமல் பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துச் செல்ல வேண்டும். கடையின் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் இடம் மாறும். கைபேசி எண்களோடு கூடிய எக்செல் பட்டியலைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்பிற்கு அனுப்புவது ஊராரின் எண்களைப் பொதுவில் வைப்பதற்குச் சமம். லேபிள் பிடிஎஃப் மட்டும் போதும், அதையும் அச்சானபின் அழிக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துவோருக்கு

முதலில் பட்டியலைத் தரவு மூலமாகப் பதிவுசெய்ய வேண்டும். ‘ஃபைல்’, ‘நியூ’, ‘டேட்டாபேஸ்’ என்று சென்று, ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்தோடு இணை என்பதைத் தேர்ந்து, வகையை ‘ஸ்ப்ரெட்ஷீட்’ என்று வைத்து, கோப்பைக் காட்டிப் பதிவுசெய்யுங்கள். பின்னர் ‘ஃபைல்’, ‘நியூ’, ‘லேபிள்ஸ்’ என்று திறந்தால், தரவுத்தளம், அட்டவணை, புலம் ஆகியவற்றைத் தேர்ந்து அம்புப் பொத்தானால் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ‘ஃபார்மட்’ பகுதியில் மேலே சொன்ன அதே அளவுகள். ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்’ என்பதில் குறியிட்டால், வேர்டின் ‘அப்டேட் லேபிள்ஸ்’ செய்யும் வேலையை இங்கே ஒரு சிறு பொத்தான் செய்யும். தமிழ் எழுத்தின் அளவை மாற்றும்போது ‘கேரக்டர்’ பெட்டியில் மேற்கத்திய எழுத்துக்கு உள்ள இடத்தில் மாற்றினால் பயனில்லை. தமிழ் போன்ற மொழிகளுக்காகச் சிடிஎல் என்று குறிக்கப்பட்ட இடத்தில் மாற்ற வேண்டும். அச்சிடும்போது, படிவக் கடிதமாக அச்சிட வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று கொடுத்து, அச்சுக்கு நேரடியாக அனுப்பாமல் ஒரே கோப்பாகச் சேமித்துப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

திரும்பி வரும் உறைகள்

முந்நூறு உறைகள் போனால் சில திரும்பி வரும். வீடு மாறியவர்கள், காலமானவர்கள், பின்கோடு தவறியவர்கள் எல்லாம் அதில் அடங்குவர். எக்செல் பட்டியலில் ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அவர்களுக்கு நேரே ‘திரும்பியது’ என்று எழுதி, கைபேசியில் அழைத்துப் புதிய முகவரியைக் கேட்டுத் திருத்தியதும் அந்தக் குறிப்பை அழித்துவிடுங்கள். காலமானவர் என்று தெரிய வந்தால் அடுத்த ஆண்டு அவர் வாரிசின் பெயருக்கு அழைப்பு போகும்படி அந்த வரிசையை அப்போதே மாற்றிவிட வேண்டும். அடுத்த முறை வேர்டில் ‘எடிட் ரெசிபியன்ட் லிஸ்ட்’ பெட்டியின் ‘ஃபில்டர்’ வழியாக, நிலை வெறுமையாக உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், இன்னும் முகவரி கிடைக்காதவர்களின் லேபிள்கள் அச்சாகாமல் நிற்கும்.